வாசகர் கேள்வி – பதில்: மாணவர்கள் ஏன் தெருவுக்கு வருவதில்லை?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. இளைஞர்களிடம் அரசியல் போராட்ட உணர்வு குறைந்துவிட்டதா, குறைந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று பல வயதினரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1965-இல் நான் கல்லூரி மாணவன். ஊர்வலத்தில் நடந்தேன், தடியடியும் பட்டேன். இன்று நாட்டில் எது நடந்தாலும் என் பேரன் கைபேசியில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். இந்தத் தலைமுறைக்கு இரத்தம் சுண்டிவிட்டதா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, தங்கள் தலைமுறை செய்தது சிறிய காரியம் அன்று. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தபோது, அதற்கு முதல் நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட கொந்தளிப்பு சில நாட்களிலேயே மாநிலம் எங்கும் பரவியது. 27-ஆம் தேதி சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்று மாலையே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கூறினார். 1967-இல் அந்த உறுதி சட்டத்திருத்தமாக வந்தது. அதே ஆண்டுத் தேர்தலில், விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் அந்தப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன்.

ஆனால் இத்தனையும் ஆவேசத்தால் மட்டுமே நடந்துவிடவில்லை என்பது அந்த நாட்களில் வாழ்ந்த தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்லூரி நகரத்துக்குள் இருந்தது. அதை ஒட்டி விடுதி இருந்தது. மாலை நான்கு மணிக்குப் பிறகு மாணவனுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் போய் உட்கார ஒரு படிப்பகமோ தேநீர்க் கடையோ கட்சிக் கிளையோ இருந்தது. கல்லூரியில் பேரவைத் தேர்தல் நடந்தது. பேச்சுப் போட்டியில் பேசிப் பழகியவன் மேடையில் பேசினான், விடுதி மெஸ் கணக்கைப் பார்த்துப் பழகியவன் போராட்டக் குழுவின் கணக்கைப் பார்த்தான். சென்னையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அது மதுரை தியாகராசர் கல்லூரி விடுதிக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் ஆள் மூலமாகப் போய்ச் சேர்ந்தது. கோபம் வந்தவுடன் அதைத் தாங்கி நடத்துவதற்கு ஓர் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது.

இன்று தங்கள் பேரன் வயதில் உள்ள ஒரு பொறியியல் மாணவனின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த பிறகு, பெரும்பாலான கல்லூரிகள் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், நாற்புறமும் சுவரோடு எழுந்தன. காலை ஆறரை மணிக்குத் தெருமுனையில் கல்லூரிப் பேருந்து வருகிறது. எட்டரைக்கு வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனால், மாலையில் அதே பேருந்து வரும் வரை வெளியே வர முடியாது. இடையில் வகுப்பு, ஆய்வகம், அகமதிப்பீட்டுத் தேர்வு, வேலைவாய்ப்புப் பயிற்சி. ஒரு நாள் வராவிட்டால் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் அந்தப் பையன் யாரோடு, எங்கே உட்கார்ந்து நாட்டைப் பற்றிப் பேசுவான்? அவனுக்குத் தனியாகக் கிடைக்கும் ஒரே இடம் கைபேசித் திரைதான். அங்கேதான் அவன் கோபப்படுகிறான். அங்கேயே அது தீர்ந்தும் போகிறது.

அவன் இரத்தத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நாம் கட்டிக்கொடுத்த கல்லூரியில் அவன் படிக்கிறான், நாம் போட்டுக்கொடுத்த நேர அட்டவணையில் வாழ்கிறான். "பையன் ஒழுங்காக இருக்க வேண்டும், அரசியல் கிரசியல் எதுவும் கூடாது" என்று கேட்டுக் கேட்டு அந்தக் கல்லூரிகளில் பணம் கட்டிச் சேர்த்தவர்கள் யார்? அவர்களில் பலர் 1965-இல் ஊர்வலம் போனவர்கள். இதைத் தங்களைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பேரனிடம் குறை காண்பதற்கு முன் இதையும் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கேள்வி: "இளைஞர்கள் சுயநலவாதிகள் ஆகிவிட்டார்கள்" என்று எல்லோரும் எங்களைத் திட்டுகிறார்கள். என் பெயரில் கல்விக் கடன் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஒரு வழக்கு என் மேல் விழுந்தால் அரசு வேலை போகும், பாஸ்போர்ட் கிடைக்காது என்கிறார்கள். எங்களைப் போராடச் சொல்பவர்கள் அதற்குப் பொறுப்பேற்பார்களா?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால்தான் உங்கள் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் அச்சத்தில் உண்மை இருக்கிறது. தடையை மீறிக் கூடியதாக ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவானால், அரசுப் பணிக்கான காவல் துறை சரிபார்ப்பில் அது கட்டாயம் வெளிவரும். காவலர் பணி போன்றவற்றில், வழக்கு நிலுவையில் இருப்பதே நியமனத்தைத் தடுத்துவிடும். பாஸ்போர்ட் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை மட்டும் இருப்பது வேறு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொள்வது வேறு. இரண்டாவது நிலையில்தான் பாஸ்போர்ட் சட்டப்படி மறுப்பதற்கு இடம் வருகிறது. அப்போதும் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று விண்ணப்பிக்க வழி உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு காவலர் பெயரைக் குறித்துக்கொண்டாலே வாழ்க்கை முடிந்துவிட்டது என்று எண்ணும் பிள்ளைகள் ஏராளம்.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் பதிவான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது 2021-இல். போராட்டம் நடந்தது 2017-இல். அந்த நான்கு ஆண்டுகளும் ஓர் இளைஞனுக்குப் படிப்பு முடித்து வேலை தேடும் காலம் அல்லவா? வழக்கு நிற்காது என்று தெரிந்தே பதிவு செய்வதும், பின்னர் தேர்தல் நெருங்கும்போது பெருந்தன்மையோடு திரும்பப் பெறுவதும் எல்லா ஆட்சிகளும் செய்து வந்த வேலைதான். வழக்கின் தீர்ப்பு தண்டனை தருவதில்லை, வழக்கின் நீளம் தண்டனையாகிவிடுகிறது. இளைஞர்கள் கோழைகளாகிவிட்டார்கள் என்று பேசுவோர் இந்த நடைமுறையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1965-இல் படித்தவர்களில் பலருக்கும் பின்னால் இழுக்கும் குடும்பச் சுமை இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் அன்று பட்டதாரிகள் குறைவு. பட்டம் பெற்றால் ஏதோ ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. கடனை வாங்கிக்கொண்டு, வேலை நிச்சயமில்லாத சந்தைக்குள் இறங்கும் உங்களிடம் அதே துணிச்சலை அப்படியே எதிர்பார்ப்பது நியாயமாகாது. உங்களைச் சுயநலவாதி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தடியடிக்கும் மௌனத்துக்கும் நடுவே செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் கல்லூரி விதிக்குப் புறம்பாகக் கட்டணம் வாங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம், கட்டண நிர்ணயக் குழுவிடம் புகார் தரலாம், ஊர்க் கிராம சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். இவை எதற்கும் வழக்கு வராது. போராட்டத்துக்கு வேண்டிய பயிற்சி இவற்றில்தான் கிடைக்கிறது.

கேள்வி: 2017-இல் மெரினாவில் ஒரு வாரம் இருந்தேன். என் வாழ்க்கையின் பெருமையான நாட்கள் அவை. கட்சி இல்லை, தலைவர் இல்லை, ஆனாலும் அரசு பணிந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் அதன் பிறகு எங்கே போயிற்று?
– தகவல் தொழில்நுட்பப் பணியாளர், சென்னை

உங்கள் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அலங்காநல்லூரில் இரவு முழுவதும் அமர்ந்திருந்தவர்களைக் காவல் துறை கைது செய்த செய்தி பரவியதும், ஜனவரி 17 அன்று கடற்கரையில் சிறு கூட்டமாகச் சேர்ந்தவர்கள், விளக்குகள் அணைக்கப்பட்ட இரவில் கைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்தபடி கலையாமல் உட்கார்ந்திருந்ததை யாரால் மறக்க முடியும்? போக்குவரத்தை மாணவர்களே ஒழுங்குபடுத்தினார்கள், குப்பையை அவர்களே அள்ளினார்கள், நள்ளிரவிலும் பெண்கள் அச்சமின்றி அங்கே இருந்தார்கள். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. ஒரு மாநில அரசை நான்கே நாட்களில் சட்டம் இயற்ற வைத்த கூட்டம் அது.

ஆனால் 21-ஆம் தேதிக்கும் 23-ஆம் தேதிக்கும் இடையில் நடந்ததை நாம் போதுமான அளவு பேசவில்லை. அவசரச் சட்டம் வந்ததும் ஒரு பகுதியினர் வெற்றி என்றார்கள். இன்னொரு பகுதியினர் நிரந்தரச் சட்டம் வேண்டும் என்றார்கள். அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க மதுரைக்குச் சென்ற முதல்வர் ஓ. பன்னீர்செல்வம், அங்கிருந்தவர்கள் ஏற்காததால் திரும்ப நேர்ந்தது. சிலர் விவசாயிகள் பிரச்சினையைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். எது போதும், எது போதாது என்று எல்லோர் சார்பிலும் முடிவு சொல்ல அங்கே எவருக்கும் அதிகாரம் இல்லை. அரசு பேச விரும்பினாலும், யாரோடு பேசுவது என்பதற்கு விடையில்லை. 23-ஆம் தேதி காலை காவல் துறை கூட்டத்தைக் கலைத்தது. தப்பி ஓடிய மாணவர்களுக்கு அடைக்கலம் தந்த நடுக்குப்பம் மீனவர்களின் சந்தை எரிந்தது. அவர்கள் வீட்டு வாசலில் தடி விழுந்தது. அன்று மாலையே சட்டமன்றத்தில் சட்ட முன்வரைவு நிறைவேறியது. காலையில் பட்ட அடியும் மாலையில் கிடைத்த வெற்றியும் ஒரே நாளில் நடந்தும், இரண்டையும் இணைத்து அரசிடம் கணக்குக் கேட்க ஓர் அமைப்பு இல்லை. நடுக்குப்பத்து மக்களுக்குப் பக்கத்தில் போய் நின்றவர்கள் மிகச் சிலரே. அந்தக் கூட்டம் நமக்குக் கொடுத்த பெருமையைப் போலவே இதையும் நாம் சுமக்க வேண்டும்.

தலைவர் இல்லாமை ஒரு போராட்டத்தைக் கட்சிகள் விழுங்காமல் காப்பாற்றும், அது உண்மை. அதே காரணத்தால் போராட்டம் முடிந்த மறுநாள் அதற்கு முகவரியும் இல்லாமல் போகும். உறுப்பினர் பட்டியல் இல்லை, அடுத்த கூட்டத்துக்குத் தேதி இல்லை, வழக்கில் சிக்கியவர்களுக்காக வக்கீல் வைக்க ஒரு நிதி இல்லை. அதன் பிறகு மெரினாவில் போராட அனுமதியே இல்லை என்று அரசு சொன்னது. 2018-இல் உயர் நீதிமன்றமும் அந்த நிலையை ஏற்றது. இலட்சக்கணக்கானவர்கள் அமர்ந்த அந்த மணலுக்காக ஒரு பெரிய எதிர்ப்பும் எழவில்லை, ஏனென்றால் எழுப்புவதற்கு அந்த இலட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்த எதுவும் மிச்சமில்லை.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரை எடுத்துக்கொள்கிறேன். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலையில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, இரண்டு மாணவர்களின் துணையோடு, கல்லூரியின் நகலெடுக்கும் பொறியில் விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை ஓட்டி எடுத்தார். மறுநாள் அவை பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் போயின. திங்கட்கிழமை கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. ஒரே இரவில் இது எப்படி முடிந்தது? அந்த ஆசிரியை தலைமை வகித்த பெண்கள் அமைப்பு, அப்படியொரு நாளுக்காக முன்பே திட்டமிட்டு வைத்திருந்தது. அந்தப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல யார் வண்டி எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது வரை அட்டவணை போட்டு நடத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் நடந்து தேய்ந்த கால்களைத் தாங்கியது அந்த அட்டவணை.

மெரினாவில் கூடியவர்களிடம் இருந்த அன்பும் ஒழுங்கும் இதற்குக் குறைந்தவை அல்ல. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது முன்பே கட்டி வைத்த ஓர் அமைப்பு. உங்களோடு அந்த வாரம் உட்கார்ந்திருந்த நண்பர்களில் எத்தனை பேரின் தொடர்பு எண் இன்றும் உங்களிடம் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு பேர் இருந்தாலும் போதும், மாதம் ஒருமுறை கூடுங்கள்.

கேள்வி: வலைத்தளத்தில் ஹேஷ்டேக் போடுவதைப் போராட்டம் என்று ஏற்க முடியுமா?
– வங்கி ஊழியர், திருச்சி

செய்தியைக் கொண்டு சேர்க்கும் வேலையை அது செய்கிறது. அந்த அளவில் ஏற்கலாம். மெரினாவுக்கு ஆள் சேர்ந்ததும் முகநூலாலும் வாட்ஸ்அப்பாலும்தான். 2025 செப்டம்பரில் நேபாள அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியபோது, ஏற்கெனவே ஊழலால் கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரதமர் சர்மா ஒலி பதவி விலகினார். இடைக்கால ஆட்சிக்கு யார் தலைமை ஏற்பது என்பதைக்கூட டிஸ்கார்ட் என்ற செயலியில் விவாதித்தார்கள். ஆனால் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது தெருவில் நின்ற உடல்கள் மேல். செப்டம்பர் 8 என்ற ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். திரையில் எழுதுவதற்கும் அந்தத் தெருவில் நிற்பதற்கும் உள்ள தூரத்தை மறைத்துப் பேசுவது, இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. கைவிரலால் பகிர்ந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உறங்கப் போகும் பழக்கம் நம்மிடம் பெருகியிருக்கிறது, இதில் வயது வேறுபாடு இல்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வளாகத்துக்குள் அரசியல் நுழைந்தால் அரிவாள் நுழையும் என்பது என் அனுபவம். மாணவர் பேரவைத் தேர்தல் வேண்டும் என்று எழுதுபவர்கள் வந்து எங்களோடு ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.
– பேராசிரியர், திருநெல்வேலி

வன்முறையை நேரில் பார்த்தவரின் சொல்லை அலட்சியம் செய்ய மாட்டேன். சாதியின் பெயரால் வளாகங்களில் நடப்பவை உங்கள் கவலைக்கு வலுச் சேர்க்கின்றன. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: பேரவைத் தேர்தலை நிறுத்திய பிறகு அரிவாள் வெளியே போய்விட்டதா?

சென்னையைப் பாருங்கள். பழைய பெரிய கலைக் கல்லூரிகளில் தேர்தல் ஓய்ந்துபோன பின்பு, மாநகரப் பேருந்துத் தடங்களின் பெயரால் மாணவர்கள் அணி சேர்ந்தார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு 'ரூட்டு தல'. அவனுக்கு மாலை, அவனுக்காகப் பாட்டு, அவனுக்காகப் பட்டாக்கத்தி. 'பஸ் டே' கொண்டாட்டத்தை நீதிமன்றம் தடை செய்ய வேண்டிய நிலை வந்தது. பதினெட்டு வயதில் ஒரு பையனுக்குத் தன்னை நான்கு பேர் தலைவனாக ஏற்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். வாக்குக் கேட்டு, அறிக்கை அச்சடித்து, எதிரியோடு ஒரே மேடையில் வாதிட்டுத் தலைவனாகும் வழியை அடைத்துவிட்டோம். அவன் பேருந்துக் கூரை மேல் ஏறினான். அந்தப் பையன்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்; கத்தியோடு அவர்கள் பிடிபடும் படம் செய்தித்தாளில் வரும்போது, அவர்களுடைய விடுதி எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி கூடவே வருவதில்லை.

உங்கள் அச்சத்துக்கு விடையாகத்தான், மாணவர் தேர்தல்களை நெறிப்படுத்தும் லிங்டோ குழுவின் பரிந்துரைகள் வந்தன. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான அந்தக் குழுவின் பரிந்துரைகளைச் செயல்படுத்துமாறு 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இளங்கலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது, 75 விழுக்காடு வருகை வேண்டும், குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது என்று மிகக் கறாரான விதிகள் அவை. இன்னும் சொல்லப்போனால், அளவுக்கு மீறிக் கறாரானவை என்பது என் கருத்து. அரசியலை வளாகத்திலிருந்து விலக்கும் நோக்கம் அவற்றில் தெரிகிறது. அப்படியும், தேர்தலே வேண்டாம் என்று அந்தக் குழு சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தேர்தலோ நியமனமோ செய்து மாணவர் பிரதிநிதித்துவம் தர வேண்டும் என்றுதான் சொன்னது. தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரிகளில் மாணவர்கள் வாக்களித்துப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை உங்களைச் சுற்றியுள்ள கல்லூரிகளை வைத்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்த 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பிரதமர் யார் என்று முடிவு செய்யத் தகுதி பெற்ற ஒருவர், தன் விடுதியின் குடிநீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லிக் கேட்கும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர் என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது? குஜராத்தில் 1973 டிசம்பரில் அகமதாபாத் பொறியியல் கல்லூரி ஒன்றின் விடுதி உணவுக் கட்டணத்தை 20 விழுக்காடு உயர்த்தியதில் தொடங்கிய கிளர்ச்சிதான் நவநிர்மாண் இயக்கமாக வளர்ந்து, 1974 பிப்ரவரியில் முதல்வர் சிமன்பாய் படேலைப் பதவி விலகச் செய்தது. பெரிய அரசியலின் தொடக்கம் பெரும்பாலும் இப்படிச் சோற்றுத் தட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்கும் வழி திறந்திருந்தால் பல கலவரங்கள் நடக்காமலே போயிருக்கும் என்பதையும் உங்களைப் போன்ற அனுபவசாலிகள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இலங்கை, வங்கதேசம், நேபாளம் என்று அண்டை நாடுகளில் இளைஞர்கள் ஆட்சியையே கவிழ்த்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் மட்டும் ஏன் இப்படி?
– வணிகர், புதுச்சேரி

அங்கே நடந்தவற்றைப் பார்த்து நமக்கும் அப்படி நடக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. வங்கதேசத்தில் விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கான 30 விழுக்காட்டு ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் எழுந்த 2024-இல், 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. தேர்தல் வழியாக ஆட்சியை மாற்ற முடியாது என்ற நிலை வந்த பிறகே அங்கு கோபம் அந்த வடிவம் எடுத்தது. நம் மாநிலத்தில் வாக்குச்சாவடி வழியாக ஆட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. கோபத்தின் ஒரு பகுதி அங்கே போய்விடுகிறது. அது நல்லதே.

இலங்கையிலிருந்து கற்க வேண்டியது வேறு. 2022 ஏப்ரலில் கொழும்பின் காலிமுகத்திடலில் கூடியவர்களும் தலைவர் இல்லாதவர்களே. ஜூலையில் அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினார். ஆனால் அந்த இடத்துக்கு வந்தவர் ரணில் விக்கிரமசிங்க. வந்த சில நாட்களிலேயே இராணுவத்தை அனுப்பி அந்தக் கூடாரங்களை அகற்றினார். அறகலய என்று அழைக்கப்பட்ட அந்தப் போராட்டம் எழுப்பிய கோபத்தை வாக்காக மாற்றிக்கொண்டவர்கள், ஊர் ஊராகக் கிளை வைத்துப் பல பத்தாண்டுகளாக வேலை செய்திருந்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கட்சியினர். 2020 நாடாளுமன்றத் தேர்தலில் 3 இடங்கள் மட்டுமே பெற்ற அவர்களின் தேசிய மக்கள் சக்தி கூட்டணி, 2024 நவம்பரில் 159 இடங்களைப் பிடித்தது. அந்தக் கட்சியின் பழைய வரலாற்றையும், தமிழர் பிரச்சினையில் அது எடுத்த நிலைகளையும் நான் ஆதரித்து எழுதவில்லை. திடலில் திரண்டிருந்த கோபம், கிளை வைத்திருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். வங்கதேச மாணவர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் 2025 பிப்ரவரியில் தங்களுக்கென ஒரு கட்சியைத் தொடங்கினார்கள்.

கேள்வி: இருபது வயது மகள் ஒரு போராட்டத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். படிக்கிற பிள்ளை. தடுக்கவும் மனமில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– குடும்பத் தலைவி, ஈரோடு

சகோதரி, உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் மனுக் கொடுக்கப் போன மக்கள் மேலும், மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் 13 பேர் மாண்டார்கள். அவர்களில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்: தடுக்காதீர்கள்.

அந்தப் போராட்டத்தை நடத்துவது யார், கோரிக்கை என்ன, காவல் துறையின் அனுமதி இருக்கிறதா, கலைந்து போகச் சொன்னால் முடிவெடுப்பவர் யார் என்று மகளிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம், அடையாள அட்டையும் ஒரு வழக்கறிஞரின் எண்ணும் கையில் இருக்கட்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில், முன்கூட்டியே நீதித்துறை நடுவரின் அனுமதி பெற்று, பெண் காவலர் மூலமே செய்ய வேண்டும். கைது செய்தால் உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவற்றை அவளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். முடிந்தால் முதல் முறை நீங்களும் அவளோடு போய் வாருங்கள்.